பனிக்குள் இருபத்து மூன்று நாள்

மதினியை அந்தக் குரலைக் கேட்க விடக் கூடாது என்று குற்றாலிங்கம் சங்கரன்கோவிலில் பெட்டி கட்டும்போதே முடிவு பண்ணிவிட்டான். கிரீன்லாந்து வந்து சேர நாலு விமானம் மாற வேண்டியிருந்தது. நாலிலும் இதே யோசனைதான். பக்கத்து சீட்டில் மதினி பிரமு சன்னலோரம் உட்கார்ந்து, கீழே வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. 

அண்ணன் பூவநாதன் காணாமல் போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. வடகடல் போரில் கூட்டுப்படைக்குச் சரக்கு ஏற்றிப் போன விமானத்தில் அவன் இன்ஜினியர். மார்கழி பதினாலாம் தேதி கிரீன்லாந்துப் பனிப்பரப்புக்கு மேலே போன விமானம் திரும்பி வரவே இல்லை. உள்ளே மூன்று பேர். போர் முடிந்தது, சண்டை போட்டவர்கள் கை குலுக்கினார்கள், இப்போது ஒன்றாக மீன் பிடிக்கிறார்கள். விமானம் மட்டும் பனிக்குள் கிடந்தது. போன மாதம் வெயிலில் பனி இளகி அதன் வால் வெளியே தலைகாட்டியிருக்கிறது. வெந்நீர்க் குழாய் வைத்துப் பனியை அறுத்து, அப்படியே பெயர்த்துக் கடற்கரை முகாமுக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

கடிதத்தில் இரண்டு செய்தி இருந்தது. உடல் கிடைத்திருக்கிறது, குரல் பதிவும் கிடைத்திருக்கிறது. உடலை நினைத்துக் குற்றாலிங்கம் அழுதான். குரலை நினைத்துத்தான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் விழுந்த அன்றே போயிருந்தால் சரி. மூன்று நாள், நாலு நாள் இருந்திருந்தால்கூடச் சரி. பன்னிரண்டு நாளைத் தாண்டியிருந்தால் அண்ணனைக் கொன்றது பனி இல்லை, குற்றாலிங்கம்.

அந்தக் கதையைச் சொல்லிவிடலாம். ஒளித்து என்ன ஆகப் போகிறது?

போர்க்காலத்தில் கூட்டுப்படையில் ஒரு சட்டம் இருந்தது. எதிரிகள் பனியில் பொய்யான அபாய ஒலிக் கருவிகளைப் போட்டுவைத்து, தேடப் போன விமானங்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருவனைத் தேடப் போய் ஆறு பேர் சாவதா என்று கேள்வி வந்தது. பதில் சொல்ல ஒரு கணிப்பு மெஷினைக் கொண்டு வந்தார்கள். காணாமல் போனவர் உயிரோடு இருக்க நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அது தினமும் சொல்லும். ஒன்றுக்குக் கீழே போனால் குடும்பத்தைக் கேட்பார்கள். 'தேடலை முடித்துக்கொள்ளச் சம்மதம்' என்று மனைவியோ தாயோ ரேகை வைத்தால் அன்றே இறப்புச் சான்றிதழ். வைக்காவிட்டால் அறுபது நாள் வரை தேடியே ஆக வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் மெஷின் பூஜ்யம் புள்ளி ஏழு என்றது. வீட்டில் அப்போது தங்கச்சி கோமதிக்குத் தை ஐந்தாம் தேதி முகூர்த்தம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டார். "ஒண்ணு ஆளு இருக்காருன்னு காட்டுங்க. இல்ல, காரியத்த முடிச்சுத் தீட்டக் கழிச்சிட்டு வாங்க. ரெண்டுங்கெட்டான் வீட்டுல நாங்க எப்படிச் சம்மந்தம் வைக்க?" என்றார். அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அவளிடம் ரேகை கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மதினியோ பிரசவ ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாள், பிறந்து ஒன்பது நாளான பெண்பிள்ளை பக்கத்தில். ரேகை வாங்கப் படை அனுப்பியிருந்த பலகைக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு குற்றாலிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போனான். அவள் கண் மூடிக் கிடந்தாள். "ஆஸ்பத்திரிக் காகிதம் மதினி" என்று சொல்லி, அவள் கட்டைவிரலைப் பிடித்து வைத்து எடுத்துவிட்டான்.

விழுந்த நாளிலிருந்து எண்ணிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மதினிக்குத் தாலி இறக்கினார்கள். கோமதி கல்யாணமும் குறித்தபடி நடந்தது. குற்றாலிங்கம் அதற்குப் பிறகு கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒன்று போட்டு, மதினிக்கும் அண்ணன் மகள் உமையாளுக்கும் உழைத்துக் கொட்டினான். ஊரே அவனைத் தங்கக் கம்பி என்றது. ஒவ்வொரு தடவை அப்படிச் சொல்லும்போதும் அவனுக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இழுத்த மாதிரி இருக்கும்.

முகாமில் அவர்களை வரவேற்ற அதிகாரி பெயர் மச்சாடோ. தூத்துக்குடிக்காரன், முப்பது வயசு இருக்கும். தமிழ்க் குடும்பம் வருகிறது என்று இவனைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளை. மதினியை ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளர் சூடான பால் கொடுத்துவிட்டு, குற்றாலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, இங்க ஒரு வழக்கம் வச்சிருக்கோம். பதிவ மொதல்ல குடும்பத்துல ஒருத்தர் மட்டும் கேக்கணும். மத்தவங்க தாங்குவாங்களான்னு அவர்தான் சொல்லணும். வேண்டாம்னா மூடி அழிச்சிருவோம், யாரும் கேக்க முடியாது. அக்கா உங்க பேரத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க."

"அவங்களுக்குப் பிரஷர் இருக்கு தம்பி. அதான்" என்றான் குற்றாலிங்கம். பிரஷர் இருந்தது அவனுக்குத்தான்.

கொட்டகைக்குள் விமானம் நின்றது. ஒரு பக்க இறக்கை இல்லை. மூக்கு நசுங்கியிருந்தது. மேலிருந்து கீழ்வரை பனி உருகிச் சொட்டிக்கொண்டே இருந்தது, தரையெல்லாம் வாளி. பதினேழு வருஷத்து மண்ணெண்ணெய் வாடை அப்படியே அடித்தது. சரக்கு வைக்கும் இடத்தில் பாராசூட் துணியால் ஒரு சின்னக் கூடாரம் கட்டியிருந்தது. குற்றாலிங்கம் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். செத்தவன் கூடாரம் கட்ட மாட்டான்.

"எத்தன நாளு?" என்று கேட்டான்.

மச்சாடோ கூடாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மத்த ரெண்டு பேரும் விழுந்த அன்னைக்கே போயிட்டாங்க. உங்க அண்ணன் இருபத்து மூணு நாள் இருந்திருக்காரு, அண்ணாச்சி."

குற்றாலிங்கம் அங்கேயிருந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தான். காதில் சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. பன்னிரண்டு எங்கே, இருபத்து மூன்று எங்கே. மார்கழி முடிந்து தை பிறந்து, கோமதி கழுத்தில் தாலி ஏறின அன்றைக்கு மறுநாளும் அண்ணன் இந்தத் துணிக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

"சாப்பாடு இருந்துச்சு" என்றான் மச்சாடோ மெதுவாக. "சரக்கே டப்பா உணவுதான். கால் ஒடஞ்சிருந்தது, நடக்க முடியல. ரேடியோவுல செய்தி வாங்க முடியும், பேச முடியாது. அபாய ஒலிக்கருவி மட்டும் மெல்லமா ஒலிச்சுக்கிட்டு இருந்தது. பக்கத்துல வந்தாத்தான் கேக்கும். பேச்சுத் துணைக்கு அந்த மெஷின் இருந்தது."

"எந்த மெஷின்?"

"துணை ஓட்டுநர் மெஷின். அந்தக் காலத்துல எல்லா விமானத்துலயும் போட்டாங்க. மனுசன் மாதிரியே பேசும், அவங்கவங்க பாசையிலயே. ஒண்ணே ஒண்ணு, பொய் சொல்லாது. போருல ஒரு மெஷின் ஓட்டுநர்கிட்ட ஆறுதலுக்குப் பொய் சொல்லப் போயி ஒரு விமானமே போச்சுன்னு, கேட்ட கேள்விக்கு உண்மை மட்டும் சொல்லணும்னு பண்ணி வச்சிருந்தாங்க. அதுதான் எல்லாத்தையும் பதிவு பண்ணி வச்சிருக்கு."

காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்துவிட்டு அவன் தள்ளிப் போய் நின்றான்.

அண்ணன் குரல் வந்தது. முப்பத்து நாலு வயசுக் குரல். தம்பிக்கு இப்போது நாற்பத்தாறு. தன்னைவிடச் சின்னவன் ஒருவன் அண்ணனுடைய தோரணையில் பேசுவதைக் குற்றாலிங்கம் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் நாட்களில் பேச்சில் கிண்டலெல்லாம் இருந்தது. மெஷினுக்கு வாத்தியார் என்று பேர் வைத்திருந்தான்.

"வாத்தியாரே, இன்னைக்குத் தேடுதாவளா?"

"தேடுகிறார்கள். இரண்டு விமானங்கள். இங்கிருந்து வடக்கே நூறு கிலோமீட்டர்."

"வடக்கயா? கண்ணு தெரியாத பயலுவ. சரி, நாளைக்குத் தெக்க வருவானுவ."

தினமும் இதே கேள்வி, இதே மாதிரிப் பதில். நடுவில் பிள்ளையைப் பற்றிப் பேசினான். இந்நேரம் பிறந்திருக்கும், ஆணோ பெண்ணோ, அவள் சாயலில் இருந்தால் பிழைத்தது, என் மூக்கு வந்தால் பாவம் என்றான். குற்றாலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான். உமையாளுக்கு அந்த மூக்குத்தான்.

பதின்மூன்றாம் நாள் வந்தது.

"வாத்தியாரே, இன்னைக்குத் தேடுதாவளா?"

"இன்று தேடவில்லை."

"புயலா?"

"இல்லை. தேடல் முடிக்கப்பட்டது."

"எவன் முடிச்சான்?"

"விதிப்படி முடிக்கப்பட்டது. குடும்பத்தின் சம்மதம் பெறப்பட்டுள்ளது."

"யாரு சம்மதம் குடுத்தா?"

"மனைவி. கட்டைவிரல் ரேகை."

அதற்குப் பிறகு பதினோரு நிமிஷம் காற்றுச் சத்தம்தான். குற்றாலிங்கம் முன்னே ஓட்டவில்லை. பதினோரு நிமிஷத்தையும் முழுசாகக் கேட்டான், தண்டனை மாதிரி. கடைசியில் அண்ணன் ஒன்றுதான் சொன்னான். "பிரமுவா? அவளா வச்சிருக்க மாட்டா. சரி. அவளுக்கு என்ன கஷ்டமோ."

பதினாலு, பதினைந்து இரண்டு நாளும் அவன் ஒன்றும் பேசவில்லை. பதினாறாம் நாள் காலையில் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வாத்தியாரே, இன்னைக்கு எனக்குப் பதினாறு. எங்க வீட்டுல காரியம் நடக்கும். வடை பாயாசத்தோட எல போட்டிருப்பாவ. எந்தம்பி மொட்ட போட்டிருப்பான், அவன் மண்ட பாக்கச் சகிக்காது."

"நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள்" என்றது மெஷின்.

"அதுதான் சங்கடம். தாலிய இறக்கியிருப்பா. இனிமே நான் போயி வாசல்ல நின்னா ஊரு என்னைய ஒண்ணும் சொல்லாது, அவளத்தான் சொல்லும். புருசன் உசுரோட இருக்கயில கைநாட்டு வச்சுத் தாலி அறுத்தவள்னு சொல்லும். சாகுற மட்டும் சொல்லும். எம்பிள்ளையையும் சொல்லும். காரியம் முடிஞ்சவன் வீடு திரும்பக் கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாவ. அந்த ஒலிக்கருவிய நிறுத்திரு."

"நிறுத்தினால் நீங்கள் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு பூஜ்யம். உறுதியாகச் சொல்கிறீர்களா?"

"நிறுத்து."

மெஷின் இன்னும் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் அதே பதில். பிறகு, அதுவரைக்கும் பின்னால் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மெல்லிய ஓசை நின்றுவிட்டது.

குற்றாலிங்கம் கருவியைக் கழற்றி மடியில் வைத்தான். மச்சாடோ பக்கத்தில் வந்து நின்றான்.

"பத்தொம்பதாம் நாள் வானிலைக்காரங்க ஹெலிகாப்டர் ஒண்ணு இந்த வழியா போயிருக்கு அண்ணாச்சி. நாப்பது கிலோமீட்டர்தான் தூரம். எல்லா அபாய ஒலியையும் கேட்டுக்கிட்டே போற ஹெலிகாப்டர். இவரத் தேடி வந்ததில்ல, தற்செயலா வந்தது. ஒலி இருந்திருந்தா..." என்றவன் நிறுத்திக்கொண்டான். "இத உங்ககிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்."

"நீயும் அந்த மெஷின் மாதிரிதான் தம்பி" என்றான் குற்றாலிங்கம். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட அவனிடம் தெம்பு இல்லை.

அண்ணன் பழியைத் தூக்கி மதினி மேல் போடவில்லை, அவளைப் பழியிலிருந்து காப்பாற்றச் செத்திருக்கிறான். பழிக்கு உரியவன் இங்கே பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். இதை மதினி கேட்டால் என்ன ஆகும்? நான் ரேகையே வைக்கவில்லையே என்பாள். அடுத்த நொடி இவன் முகத்தைப் பார்ப்பாள். உமையாளுக்கும் தெரிந்துவிடும். சித்தப்பா சித்தப்பா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு வளர்ந்த பிள்ளை. அவனுக்கு உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

"அழிச்சிரு தம்பி" என்றான். "அவங்க தாங்க மாட்டாங்க."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டேன்."

"எத அழிக்கச் சொல்லுதீங்க?" என்று பின்னால் குரல் கேட்டது. பிரமு வாசலில் நின்றாள். தடித்த கோட்டுக்குள் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். தரையில் இருந்த வாளிகளைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வந்து, கூடாரத் துணியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். "அவுக கட்டுனதுதான். முடிச்சப் பாத்தாலே தெரியுது. எத்தன நாளு இருந்தாக?"

குற்றாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். மச்சாடோ அவனைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "இருபத்து மூணு நாள் அக்கா."

 அவள் பெட்டிமேல் உட்கார்ந்து, குற்றாலிங்கம் மடியிலிருந்த கருவியை எடுத்துத் தானே காதில் மாட்டிக்கொண்டாள். "போடு தம்பி. இவரு வேண்டாம்னு சொன்னா சொல்லட்டும். எம்புருசன்."

தடுக்கலாம் என்று குற்றாலிங்கத்தின் கை எழுந்தது. எழுந்த கை அப்படியே விழுந்துவிட்டது. அவள் கேட்கக் கேட்க அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் சிரித்தாள், மூக்குப் பேச்சு வந்திருக்க வேண்டும். பிறகு முகம் கல்லாகிவிட்டது. அழுகை வரும் என்று அவன் காத்திருந்தான், வரவில்லை. பதினாறாம் நாளைக் கேட்டு முடித்து அவள் கருவியைக் கழற்றியபோது வெளியே சூரியன் கொஞ்சம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

குற்றாலிங்கம் அவள் காலடியில், அந்த ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மதினி, அந்த ரேகைய நீங்க வைக்கல. நான்தான். நீங்க காய்ச்சல்ல கிடந்தீங்க. ஆஸ்பத்திரிக் காகிதம்னு பொய் சொல்லி உங்க விரலப் பிடிச்சு வச்சேன். கோமதி கல்யாணம் நின்னுருமேன்னு வச்சேன். அண்ணன் செத்திருக்கும்னுதான் நெனச்சேன், சத்தியமா. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. பிள்ளைகிட்ட மட்டும்..." 

பிரமு அவனைக் குனிந்து பார்த்தாள்.

"எந்திரிங்க தம்பி. தரை ஈரம்."

அவன் எழுந்திருக்கவில்லை.

"காய்ச்சல் அன்னைக்குக் காலையிலேயே விட்டிருச்சு" என்றாள். "நான் முழிச்சுத்தான் இருந்தேன். நீங்க வர்றத ஓரக்கண்ணால பாத்தேன். 'தேடலை முடித்துக்கொள்ளச் சம்மதம்'னு கொட்ட எழுத்துல மேலயே போட்டிருந்தது. எழுத்துத் தெரியாதவளா நான்? விரல இழுத்திருக்கலாம். இழுக்கல."

குற்றாலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"பிள்ள பொறந்து ஒம்பது நாளு. தொட்டில் கட்ட விடல. பேரு வைக்க விடல. பிறந்த வீடா செத்த வீடான்னு தெரியாம எப்படிச் சீனித்தண்ணி தொட்டு வைக்கன்னு கேட்டாக. பாக்க வந்தவ ஒவ்வொருத்தியும் பிள்ளையப் பாக்கல, எங்கழுத்தப் பாத்தா. இருக்காக, இல்லன்னா இல்ல, ஏதாவது ஒண்ணு சொல்லு சாமின்னு பன்னெண்டு நாளும் கேட்டேன். சாமி பேசல. நீங்க வந்து விரலப் பிடிச்சீங்க. பிடிக்கட்டும், பாவம் வந்தா பிடிச்சவரு தலையில போகட்டும், எந்தலையில இல்லன்னு நெனச்சுக் கண்ண மூடிக்கிட்டேன்."

"மதினி..."

"கல்யாணம் வேண்டாம்னு நீங்க ஒவ்வொரு வருசமும் சொல்லும்போது, ஏன் வேண்டாங்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்களுக்கும் பொண்டாட்டி பிள்ளைன்னு ஆயிருக்கும். சொல்லல. நீங்க ஒழச்சுப் போட்டீங்க, நான் தின்னேன்." அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. "அங்க ஒருத்தரு, அவளா வச்சிருக்க மாட்டான்னு சொல்லிட்டுச் செத்திருக்காக. நான்தானே வச்சேன்."

குற்றாலிங்கம் எதை உணர வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பாரம் குறைந்ததா என்று பார்த்தான், குறையவில்லை. கோபம் வந்தது. தன் இருபத்தொன்பது வயசிலிருந்து இன்றுவரை போன நாளையெல்லாம் நினைத்து நெஞ்சு எரிந்தது. பிறகு அந்தக் கோபத்துக்குத் தனக்கு என்ன தகுதி என்று வெட்கமாகவும் இருந்தது. பதினேழு வருஷம் ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, ஒரே குற்றத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் அன்று வாயைத் திறந்திருந்தால் போதும், அந்த மனுஷன் வீட்டுக்கு வந்திருப்பான்.

மச்சாடோ விமானத்தின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தான். தமிழ் தெரிந்தவனை அனுப்பியிருக்கக் கூடாது என்று அவன் அப்போது நினைத்திருப்பான். கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, இன்னும் ஏழு நாள் பதிவு இருக்கு. அதையும் கேட்டுட்டு, அழிக்கவா வைக்கவான்னு சொல்லணும்."

"வச்சிருங்க. மிச்சத்த நான் தனியாக் கேட்டுக்கிடுதேன்" என்றாள் பிரமு. கோட்டுப் பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். "அதுக்கு முன்னால ஒரு வேல இருக்கு."

"யாருக்கு மதினி?" என்று கேட்டான் குற்றாலிங்கம். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. "இப்ப வேண்டாம். ஊருக்குப் போயிச் சொல்லிக்கிடலாம். பரீட்ச நேரம்."

"ஊருக்குப் போனா நீங்களும் சொல்ல மாட்டீங்க, நானும் சொல்ல மாட்டேன்."

மூன்று தடவை மணி அடித்ததும் உமையாள் எடுத்துவிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஓடி வந்து எடுத்திருக்கிறாள்.

"அம்மா, அப்பாவப் பாத்தீங்களா? அப்பா குரல் கேட்டீங்களா? சித்தப்பா எங்க, சித்தப்பாகிட்டக் குடுங்க."

பிரமு போனைக் கொடுக்கவில்லை. ஒலியைக் கூட்டி, தனக்கும் அவனுக்கும் நடுவில் அந்தப் பெட்டிமேல் வைத்தாள். குற்றாலிங்கம் தரையிலிருந்து எழுந்து வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சித்தப்பா பக்கத்துலதான் இருக்காரு" என்றாள் பிரமு. "உக்காந்துக்கோ தாயி. நாங்க ரெண்டு பேருமாச் சேந்து அப்பாவுக்குச் செஞ்சது ஒண்ணு இருக்கு. அத மொதல்ல கேளு. அதுக்கப்புறம் அப்பா குரலக் கேக்கலாம்."

 ஊரிலிருந்து நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.